புதுக்குழல் மாட்டிய பிஸ்டல்

உடுமலைப்பேட்டையில் வஞ்சிக்கொடியின் பிஸ்டலுக்குக் குழல் கெட்டுப்போன செய்தி ஊரைச் சுற்றிவர அதிக நாள் ஆகவில்லை, ஏனென்றால் அவள் கால்நடை ஆய்வாளர், காலையில் தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினால் வழியிலுள்ள கட்டுத்தரைகளிலெல்லாம் நின்று, மாட்டுக்குக் கழிச்சல் நின்றதா, கன்று பால் குடிக்கிறதா என்று விசாரித்துவிட்டு, ஊசி போடும்போது மாட்டின் கழுத்தைத் தடவித் தன் கவலையை அதன் காதில் சொல்லிக்கொண்டே போடுவது அவள் வழக்கம், மாட்டுக்காரர்களும் பக்கத்தில்தானே நிற்பார்கள்.

அது ஆளைக் கொல்கிற பிஸ்டல் இல்லை. காற்றை அடைத்துச் சுடுகிற போட்டிப் பிஸ்டல். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, தலை தட்டையான ஈயக் குண்டு அதிலிருந்து போய், பத்து மீட்டர் தள்ளி நிற்கிற அட்டையில் வட்டமாக ஒரு துளை போடும், அவ்வளவுதான். கல்யாணம் ஒரு வருஷத்தில் முறிந்து தனியாக வந்த நாளில் வஞ்சி அதை வாங்கினாள். மில்லுக்குப் பின்னால் பழைய பருத்திக் குடோனில் நடக்கிற துப்பாக்கிக் கழகத்தில் சுட்டுச் சுட்டு, மாவட்டத்தில் பேர் சொல்கிற அளவுக்கு வந்திருந்தபோது வால்பாறைக்கு மாற்றல் வந்தது. அங்கே மழை பெய்யத் தொடங்கினால் துணி காயாது, உப்பு கரையும், மனிதர்களுக்கே பாசி பிடிக்கும். பெட்டிக்குள் இருந்த பிஸ்டலின் குழலுக்குள்ளும் துரு இறங்கிவிட்டது. திரும்பி வந்து சுட்டால் குண்டு ஒன்று கிழக்கே போனது, ஒன்று மேற்கே போனது, அட்டையில் துளை விழாமல் நாய் கடித்த மாதிரி கிழிசல்தான் விழுந்தது. மாநிலப் போட்டிக்கு நான்கு மாதம் இருந்தது. நாற்பத்தொரு வயதில் அடுத்த போட்டி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த மாடலைச் செய்தவர்கள் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. கோயம்புத்தூரில் ஒரு வியாபாரி தேடிப் பிடித்து மூன்று குழல்களை அனுப்பினார், எது பொருந்தினாலும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்று. அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வஞ்சி தளி ரோட்டில் இருந்த அந்தோணிப்பிச்சையின் லேத்துப் பட்டறைக்குப் போனாள்.

அந்தோணிப்பிச்சை தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்துக்காரர். வாலிபத்தில் காற்றாலை வேலைக்கு வந்தவர், ஊரின் காற்று பிடித்துப்போய் அங்கேயே லேத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரெல்லாம் அவரைப் பிச்சையண்ணன் என்று கூப்பிட்டது, வஞ்சி மட்டும் மேஸ்திரி என்றாள். அவர் கடைந்து கொடுத்த மோட்டார் தண்டும் செக்கு உருளையும் பழுதாகித் திரும்பி வந்ததில்லை என்பதால், கொண்டுபோனவர்கள் அவரைத் திரும்ப நினைக்க வேண்டிய அவசியமே வராமல் போயிற்று. பட்டறையின் பின்னறையில் தானே பொங்கித் தானே சாப்பிட்டுக்கொண்டு ஐம்பதைத் தொட்டிருந்தார்.

"மூணுல எதுங்க மேஸ்திரி நல்லது?"

அவர் துணியைப் பிரித்து மூன்றையும் வரிசையாக வைத்தார். முதல் குழல் புத்தம் புதியது, கண்ணாடி மாதிரி மின்னியது. இரண்டாவது யாரோ கழற்றிப்போட்ட பிஸ்டலிலிருந்து வந்தது, வெளியே கறுப்பு தேய்ந்து வெளுத்திருந்தது. மூன்றாவது கொஞ்சம் குட்டை. ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் திருப்பி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே திருகுத் திருகாக ஓடுகிற கோடுகளின் மேல் வெளிச்சம் வளையம் வளையமாக நின்றது. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு ஈயக் குண்டை வைத்து, பித்தளைக் கம்பியால் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தள்ளினார்.

"புதுசு நடுவுல இளகுதுங்க. குட்டை முழுக்கச் சொரசொரங்குது. இந்தப் பழசு தொடக்கத்துல எப்படியோ அப்படியே கடைசி வரைக்கும் போகுது. வாய்க்கிட்ட மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சு அனுப்புது. நீங்களே தள்ளிப் பாருங்க டாக்டரம்மா."

வஞ்சி தள்ளிப் பார்த்தாள். ஊசி சரியான இடத்தில் இறங்கும்போது கைக்குத் தெரியுமே, அந்த மாதிரி ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போனது.

"பழசே போடுங்க" என்றாள்.

அது வேறு பிஸ்டலுக்கானது என்பதால் ஒரு முடியளவு தடிமனாக இருந்தது. பிச்சை அதை லேத்தில் ஏற்றினார். குழலின் உள்துளையையே நடுவாக வைத்துப் பிடித்து, வெளிப்புறத்தைச் சீவினார், எடுத்துப் பொருத்திப் பார்த்தார், மறுபடி சீவினார். நீல மையைத் தடவிச் செருகி எடுத்து, எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தள்ளினால் தானாகப் போக வேண்டும், போனபின் ஆடக் கூடாது. காற்று வருகிற சின்னத் துளை குழலின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். இத்தனையும் ஆகிற வரைக்கும் வஞ்சி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், பிச்சையும் பேசவில்லை, லேத்துதான் பேசிக்கொண்டிருந்தது. மத்தியானம் தாண்டி, காற்று கசியாமல் இருக்கப் புது ரப்பர் வளையம் போட்டு, திருகுகளை முடுக்கி, மரக்கட்டை வைத்த வைஸ் இடுக்கியில் பிஸ்டலைப் பிடித்து, பட்டறையின் எதிர்ச்சுவரில் ஒரு அட்டையை ஒட்டினார்கள். வஞ்சி விசையைத் தொட்டாள். தட் என்று ஒரு சத்தம்.

துளையின் விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே கண்ணருகில் பிடித்தவள், இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இதுல செவலை தெரியுதுங்க மேஸ்திரி."

"எந்தச் செவலைங்க?"

"சின்னாம்பாளையத்துச் செவலை. வயிறு ஊதிக் கெடந்துச்சுல்ல, அந்தக் கிடேரி. வேப்ப மரத்தடியில நின்னு அசை போட்டுட்டு என்னையே பாக்குது."

பிச்சை அட்டையை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். எதிரே ஜன்னல் இருந்தது, வெயில் இருந்தது, ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பொட்டு வெளிச்சமாவது தெரிய வேண்டும். மூடி போட்ட கிணறுபோல் இருட்டாக இருந்தது. அட்டையை வேட்டியில் துடைத்து மறுபடி பார்த்தார்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். "துளை சுத்தமா விழுந்திருக்குதுங்களா?"

"அச்சு வெட்டுன மாதிரி இருக்குதுங்க."

"அப்ப சரிங்க."

மறுநாள் வஞ்சி சின்னாம்பாளையத்துக்குப் போனபோது செவலை வேப்ப மரத்தடியில் நின்று அவள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டுக்காரர் நாச்சிமுத்து அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்குச் செவலை தெரியவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மருமகன் தெரிந்தார், மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நாச்சிமுத்து போன் போட்டார். "இப்பத்தான் மாமா உங்களை நினைச்சேன், கூப்பிடலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே நின்னேன்" என்றார் மருமகன்.

யார் துளையில் கண் வைத்தாலும், அந்த நேரத்தில் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறவர் தெரிவார் என்பது இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர், குழாயில் தண்ணீர் வருகிற நாள் மாறினால் குடத்தை வேறு நாளில் எடுத்து வைப்பதுபோல், அதற்கேற்ப நடந்துகொண்டது. வஞ்சி பயிற்சி முடித்து வருகிற நேரத்துக்குக் குடோன் வாசலில் ஆட்கள் நின்றார்கள். கண்டக்டர்கள் அட்டையை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள், துபாயில் மகன் இருக்கிற வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள், தையல் கடை ஜைத்தூன் பீவி துளை கிழியாமல் இருக்க அட்டைக்குச் சுற்றிலும் துணிக்கரை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மில்லில் வேலை பார்க்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒரே அட்டையை ஒருத்தி மாற்றி ஒருத்தி பார்த்து, "உம்பையன் உன்னை நினைக்கலைடி, சோறு வேணும்னு நினைக்கறான்" என்று சிரித்தார்கள். கவுன்சிலர் ஆறுச்சாமி பார்த்தபோது, முன்பு தான் வேலையை விட்டு விரட்டிய டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் அந்த டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினார். எந்த நேரத்தில் யார் கண்ணில் படுவோமோ என்று, ஒருவரை நினைப்பதற்கு முன்னால் தலையைச் சீவிக்கொள்கிற பழக்கம் ஊரில் வந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் ஊருக்கும் வஞ்சிக்கும் ஒத்துப்போகவில்லை. குழல் அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்ததால் அவள் எத்தனை முறை சுட்டாலும் குண்டுகள் ஒரே துளையில் போய் விழுந்தன.

"கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சுடக்கூடாதுங்களா அக்கா? ஒரு அட்டைய நாலு வீட்டுக்கு வெட்டிக் குடுக்கலாம்" என்றாள் ஜைத்தூன்.

"தள்ளித் தள்ளிச் சுட்டா நான் போட்டிக்கு மெட்ராசுக்குப் போக வேண்டியதில்ல ஜைத்தூனு. இங்கயே இருந்து உனக்கு அட்டை வெட்டித் தரலாம்."

ஆனாலும் பயிற்சி முடிந்தபின் கொஞ்ச நேரம் நின்று, ஒவ்வொரு வெற்று அட்டைக்கும் ஒரு துளை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒருநாள் ரப்பர் வளையம் மாற்ற வஞ்சி பட்டறைக்குப் போனாள். சுவரில் ஆணியில் ஒரு அட்டை தொங்கியது, முதல் நாள் சுட்டு, சின்னாம்பாளையம் போய்வந்தபின் அவள் அவரிடமே கொடுத்துவைத்த அதே அட்டை, சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, இதைத் திருப்பிப் போட்டிருக்கறீங்க?"

"தூசி படியாம இருக்கட்டுமேன்னுதான்."

"கண்ணாஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

பிச்சை பிஸ்டலின் திருகைக் கழற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "கண்ணெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. அரை முடி வித்தியாசம்கூடத் தெரியுது. அதுல தெரியறதுக்குத்தான் ஆளு இல்லீங்க. அம்மா போயி வருஷமாச்சு. கூடப்பொறந்தவன் ஒருத்தன் இருந்தான், எங்க போனான்னு தெரியல. காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன், ஒரு வாரம் விட்டுப் பாத்தேன். சரி, இருக்கட்டும்னு திருப்பி வச்சுட்டேன்."

வருத்தமாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை, இன்றைக்குக் கரண்ட் வராதாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். வஞ்சிக்குத்தான் அதை அப்படிக் கேட்டுக்கொண்டு போக முடியவில்லை. ஜைத்தூன் கடையில் போய் உட்கார்ந்து அவளிடம் மட்டும் சொன்னாள். ஜைத்தூனிடம் மட்டும் சொன்னால் தளி ரோடு முழுவதற்கும் சொன்ன மாதிரி என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் ஏற்பாடு செய்துகொண்டது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் எழுதி வைக்கவில்லை, பால் ஊற்றப் போகிறவள் சொல்லிக்கொண்டு போனாள், இட்லி வாங்க வந்தவள் கேட்டுக்கொண்டு போனாள். காலையில் பால்காரர்கள், வெயில் ஏறும்வரை கடைவீதி, மத்தியானம் மில் பெண்கள், சாயங்காலம் ஜைத்தூனும் அவள் தெருவும் என்று பிச்சையண்ணனை முறை வைத்து நினைப்பது என்று ஆயிற்று.

சில நாள் கழித்துச் சுவரைத் துடைக்கிறபோது அட்டை கீழே விழுந்தது. எடுத்த பிச்சை சும்மா கண்ணில் வைத்தார். ஜைத்தூன் பீவி தெரிந்தாள். ஊசியில் நூல் கோத்தபடி, நெற்றியைச் சுருக்கி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிச்சை உற்றுப் பார்த்தார். அந்தோணிப்பிச்சை, அந்தோணிப்பிச்சை என்று அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் கவுன்சிலர் ஆறுச்சாமி சலூன் நாற்காலியில், முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தெரிந்தார். அதற்கடுத்து, முகம்கூடப் பழக்கமில்லாத ஒரு மில் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே அவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிச்சை கையைத் துடைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

"எதுக்கும்மா என்னைய நினைக்கறீங்க?"

"நினைச்சா உங்களுக்கென்னண்ணே வலிக்குதா?"

"வலிக்கலைங்க. நீங்க கஷ்டப்படறது தெரியுது."

ஜைத்தூன் மெஷினை நிறுத்தினாள். "கஷ்டந்தாண்ணே. பேரை மட்டும் வச்சுட்டு ஒரு மனுசனை எத்தன நேரம் நினைக்கறது? உங்களைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுந் தெரியல. உக்காருங்க. சின்ன வயசுல என்ன சாப்பிடப் பிடிக்கும், அதைச் சொல்லுங்க மொதல்ல."

பிச்சை நின்றுகொண்டே யோசித்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "அம்மா வாளைக் கருவாட்டைச் சுட்டு, பழைய சோத்துக்குக் குடுக்கும்" என்றார். "அம்மா பேரு செபத்தியம்மா. உப்பளத்துல நின்னு நின்னு கால் வெடிச்சுப்போயிருக்கும். ராத்திரி நான்தான் வெளக்கெண்ணெய் தடவி விடுவேன்."

அதற்குப் பிறகு பட்டறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலை கொடுக்க வரவில்லை, நினைப்பதற்கு ஏதாவது வாங்கிப்போக வந்தார்கள். நாச்சிமுத்து, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். மில் பெண்கள், உப்பு எப்படி விளையும் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் முதலில் திக்கித் திக்கித்தான் சொன்னார், பிறகு லேத்தை நிறுத்திவிட்டே சொன்னார். காற்றாலை உச்சியில் முதன்முதலில் ஏறி நின்றபோது தூரத்தில் மலை தெரிந்ததையும், கடலைத் தூக்கி நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறதே, இனி ஊருக்குப் போக வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்ததையும் சொன்னார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னார்கள். ஆனைமலைப் பக்கம் மேகம் இறங்குகிறபோது தளி ரோட்டில் யாராவது ஒருவருக்குப் பிச்சையண்ணன் ஞாபகம் வந்தது. யார் முறை என்று கேட்பது நின்றுபோனது. எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

அட்டை இப்போது வெளிச்சத்தைப் பார்க்கத் தொங்கியது. அதில் ஊரில் பாதிப்பேரை அவர் பார்த்துவிட்டார். வஞ்சிக்கொடியை மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மெட்ராஸ் கிளம்புவதற்கு முந்தின நாள், பிஸ்டலைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க அவள் வந்தாள். பிச்சை குழலைத் துடைத்து, திருகுகளை முடுக்கிப் பார்த்து, பெட்டியில் வைத்து மூடினார்.

"அங்க அட்டை கிடையாதுங்க" என்றாள் வஞ்சி. "எல்லாம் எலக்ட்ரானிக். குண்டு எங்க பட்டுச்சுன்னு டிவியில காட்டும். துளை கிளை ஒண்ணும் இருக்காது."

"நல்லதுதானுங்க. கூட்டம் சேராது."

அவள் சிரித்தாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒண்ணு கேட்டாத் தப்பா நினைச்சுக்கக் கூடாது. நீங்கதான இந்த முறையெல்லாம் கிளப்பிவிட்டது. நீங்க ஏன் சேரலைங்க?"

வஞ்சி பெட்டியின் பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சுடறவ எதையும் நினைக்கக் கூடாதுங்க மேஸ்திரி. கையைத் தூக்குனா மனசு வெள்ளைச் சுவரு மாதிரி இருக்கோணும். நாலு மாசமா அதைத்தான் பழகறேன். ஒருத்தரை நினைக்க ஆரம்பிச்சா நான் நிறுத்தமாட்டேன். அது எனக்கே தெரியும்."

"அப்ப நினைக்காதீங்க" என்றார் பிச்சை அவசரமாக. "ஜெயிச்சுட்டு வாங்க. நினைக்கறதுக்கு ஊரே இருக்குது."

போட்டி நாளன்று தளி ரோட்டில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த எட்டுப் பேரில் வஞ்சியும் ஒருத்தி என்று தெரிந்ததும், ஜைத்தூன் கடையில் ஒரு செல்போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்து, அதைச் சுற்றி ஊரே கூடி நின்று, வந்து வந்து போகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. படம் கிடையாது, எண்கள் மட்டும்தான். குறைவாகச் சுடுகிறவர் ஒவ்வொருவராக வெளியேற, எட்டு ஆறாகி, ஆறு ஐந்தாகி, நான்கு பேர் மிஞ்சியபோது வஞ்சி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இந்தச் சுற்றைத் தாண்டினால் பதக்கம். பதக்கம் இருந்தால்தான் தேசியப் போட்டிக்குப் போகிற அணியில் இடம்.

பிச்சை அங்கே போகவில்லை. தன் கையால் மாட்டிய குழல் அது, ஒரு எண் குறைந்தாலும் குழல்தான் காரணமோ என்று தோன்றும், அந்தக் கூட்டத்துக்குள் நின்று அதைத் தாங்க முடியாது என்று பட்டறையிலேயே இருந்தார். வேலையும் ஓடவில்லை. அட்டையை எடுத்துக் கண்ணில் வைத்தார். இருட்டாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வஞ்சியை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், தன்னை நினைக்க ஆள் இல்லை, அதுதானே வேண்டும். அந்த இருட்டு அன்றைக்கு அவருக்குப் பிடித்திருந்தது. அட்டையை எடுக்காமல் கண்ணிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டு வெளுத்தது. முதலில் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. பிறகு நீட்டிய ஒரு கை. கையின் முடிவில் அவர் சீவிச் சீவிப் பொருத்திய குழல். அதற்குப் பின்னால், ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு, வஞ்சி.

அவருக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணமே அது என்னவென்று புரிந்தது.

"வேண்டாம்!" என்று ஆளில்லாத பட்டறையில் கத்தினார். "நினைக்காத வஞ்சி! நினைக்காத!"

துளைக்குள்ளிருந்து சத்தம் வராது, துளைக்குள் சத்தம் போகவும் போகாது. வஞ்சியின் விரல் அசைந்ததை அவர் பார்த்தார். அவள் கண்ணை மூடித் திறந்ததையும், பிஸ்டலை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டதையும் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜைத்தூன் கடையிலிருந்து, ஊரே ஒரு வாயாக, "அய்யய்யோ" என்றது கேட்டது.

எட்டுப் புள்ளி நான்கு. அவ்வளவு குறைவாக அவள் அந்த நான்கு மாதத்தில் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. நான்காம் இடத்தோடு வெளியேறினாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவளை அழைத்துவரக் கூட்டம் போயிருந்தது. நாச்சிமுத்து செவலையைக்கூடப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார், பஸ் டிரைவர்கள் திட்டிக்கொண்டே வழிவிட்டார்கள். ஜைத்தூன் கட்டிப்பிடித்து அழுதாள். அட்டை கேட்கிற ஞாபகம் அன்று யாருக்கும் வரவில்லை. வஞ்சி எல்லோருக்கும் பதில் சொல்லி, மாட்டின் கழுத்தையும் தடவிக்கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

பிச்சை எழுந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது, லேத்து நின்றிருந்தது. அவர் பெட்டியை வாங்கி, பிஸ்டலை எடுத்து, குழலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கப் போனார்.

"அதுல ஒண்ணும் இல்லீங்க. குழல் நல்லா இருக்குது."

"தெரியுங்க" என்றார். ஆனாலும் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. "எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க? இன்னும் ஒரு சூடுதான. நாலு மாசம் பழகுனீங்களே."

வஞ்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வேணும்னு பண்ணலைங்க. கையைத் தூக்குற வரைக்கும் சுவரு வெள்ளையாத்தான் இருந்துச்சு. எறக்கி நிறுத்துறப்ப, மேல சன்னல்ல வெயில் நேரா விழுந்துச்சு. மணி ஒண்ணரை இருக்குமேன்னு தோணுச்சு. இந்த மனுசன் நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பாரா, இல்ல எனக்காகப் பட்டினி கெடக்கறாரான்னு தோணிப்போச்சு. அவ்வளவுதான். அதுக்குள்ள விரல் அழுத்திருச்சு."

பிச்சை பிஸ்டலைப் பெட்டியில் வைத்தார். அரை முடி அளவுக்கு இழைக்கிற கை, பெட்டியின் கொக்கியை மாட்ட முடியாமல் இரண்டு மூன்று முறை தடவியது. வஞ்சி எழுந்து வந்து அதை மாட்டிவிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நேத்தாங்க?"

"நேத்து."

"இல்ல."

"இன்னைக்கு?"

அவர் அதற்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். வஞ்சி பின்னறைக்குப் போய்ச் சட்டி எங்கே, அரிசி எங்கே என்று பார்த்தாள். அரிசி டப்பா மேலே பலகையில் இருந்தது, எட்டவில்லை. "மேஸ்திரி" என்று கூப்பிட வாயெடுத்தவள், நிறுத்தினாள்.

"அந்தோணி" என்றாள். "வந்து அந்த டப்பாவை எடுங்க."